ஸ்கேட்போர்டிங் கேம் கிளிப்களில் ட்ரிக்கையும் கேமராவையும் தனித்தனியாக முடிவு செய்யாதீர்கள்

2020-இல் முழுமையாக வெளிவந்த ‘ஸ்கேட்டர் எக்ஸ்எல்’, 2022-இல் வெளிவந்த ‘செஷன்: ஸ்கேட் சிம்’ ஆகிய கேம்களில் ட்ரிக்கை முடித்த பிறகு ஆடியதை மீண்டும் ஓட்டிப் பார்த்துத் தொகுக்கும் ரீப்ளே எடிட்டரைத் திறந்து, கேமராவை விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அருமையான இந்த வசதியே பெரும்பாலான தவறுகளுக்கு வேராகவும் இருக்கிறது. தெருவில் ஸ்கேட்டரும் படமெடுப்பவரும் எந்த ட்ரிக், எந்தப் பக்கத்திலிருந்து, எந்த லென்ஸில் என்று முன்கூட்டியே பேசிக்கொள்கிறார்கள். கேமில் அந்தப் பேச்சு நடப்பதே இல்லை. கடினமான ட்ரிக் ஒன்று முதலில் செய்து முடிக்கப்படுகிறது, அதற்குப் பொருந்தாத கோணம் பின்னால் ஒட்டப்படுகிறது.

பின்சக்கரங்களில் மட்டும் உருண்டு செல்லும் மேனுவலை எடுத்துக்கொள்வோம். முன்சக்கரங்கள் தரையிலிருந்து எவ்வளவு உயர்ந்து நிற்கின்றன, எவ்வளவு தூரம் அப்படியே நிற்கின்றன என்பதுதான் அந்த ட்ரிக்கின் உயிர். கேமரா தலைக்கு மேலே இருந்தால் அந்த இடைவெளி மறைந்து, சாதாரணமாக உருண்டு போவதைப் போலவே தெரியும். சக்கரத்தின் உயரத்துக்குக் கேமராவை இறக்கி, பக்கவாட்டில் உடன் ஓடவிட்டால் போதும். ஹார்ட்ஃபிளிப் இதற்கு நேர்மாறானது. பலகை கால்களுக்கு இடையே எழும்பிச் சுழல்வதால், பக்கவாட்டைவிட எதிரிலிருந்து பார்க்கும்போதே அதன் வடிவம் தெளிவாகப் புரியும்.

லெட்ஜில், அதாவது திண்டு போன்ற மேடையின் விளிம்பில், பலகையின் அச்சை உரசிச் சறுக்கும் கிரைண்டுகளில்தான் இந்தத் தவறு அதிகம். பேக்சைடு கிரைண்டில் லெட்ஜ் ஸ்கேட்டரின் முதுகுப் பக்கம் இருக்கும். ஆகவே திறந்த பக்கத்தில் கேமராவை வைத்தால் முகம், கால், பலகை, லெட்ஜ் நான்கும் ஒரே சட்டகத்தில் அடங்கும். ஃப்ரன்ட்சைடில் லெட்ஜ் அவருக்கு எதிரே இருப்பதால், அதே இடத்தில் வைத்த கேமராவுக்கு முதுகு மட்டுமே கிடைக்கும். லெட்ஜின் மறுபுறம் சென்று, அதன் விளிம்புக்குச் சற்று மேலே, சற்று முன்னால் கேமராவை நிறுத்த வேண்டும். மறுபுறம் சுவராக இருந்தால், எனக்குத் தெரிந்த நல்ல தீர்வு அந்த இடத்தில் பேக்சைடு ட்ரிக்கைத் தேர்ந்தெடுப்பதுதான்.

மிக அகலமான காட்சியை வளைத்துக் காட்டும் ஃபிஷ்ஐ லென்ஸ் அருகில் உள்ளதைப் பெரிதாக்கும், தொலைவில் உள்ளதைச் சுருக்கிவிடும். எனவே ஃபிஷ்ஐயைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பாதுகாப்பான தூரத்தில் நிற்பது பொருளற்றது. பலகை லென்ஸை உரசிச் செல்வதுபோல் நெருங்கினால்தான் வேகமும் உயரமும் உணரப்படும். தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் நீண்ட குவியத்தூர லென்ஸ் ஆழத்தைத் தட்டையாக்கும் என்பதால், அகலமான பள்ளத்தைத் தாண்டும் ட்ரிக்கை அதன் மூலம் நேர் எதிரிலிருந்து எடுத்தால் தாண்டிய தூரமே தெரியாமல் போகும். பக்கவாட்டிலிருந்து எடுங்கள். அவ்வளவு பெரிய இடத்தில் சிக்கலான சுழற்சியும் தேவையில்லை. பலகை நீளவாக்கில் ஒரே ஒரு சுற்று சுழன்று, காலால் தெளிவாகப் பிடிக்கப்பட்ட கிக்ஃபிளிப் ஒன்றே போதுமானது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, மனிதரால் இயலாத கேமரா. கேமரா நிற்க வேண்டிய இடங்களைக் குறிக்கும் கீஃப்ரேம்களை அடுக்கடுக்காக வைத்தால் கேமரா சுவரைத் துளைத்தும் வானில் மிதந்தும் செல்லும். பார்ப்பவரின் கண் ஸ்கேட்டரை விட்டுவிட்டுக் கேமராவின் பின்னால் போய்விடும். 1995-இல் வந்து ஸ்கேட் வீடியோக்களில் பெயர்பெற்ற சோனி விஎக்ஸ்1000 கேமராவின் தோற்றத்தை விரும்பி பழைய டிவி வடிவமான 4:3 சட்டகத்தைப் போட்டுக்கொள்பவர்கள், அந்தக் கேமராவைக் கையில் பிடித்திருந்தவரும் பலகை மீது உருண்டுகொண்டே படமெடுத்தார் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அவர் எட்டக்கூடிய உயரமும் வேகமும்தான் உங்கள் எல்லை.

பல ட்ரிக்குகள் தொடரும் லைனில் இடையே வெட்டு வைக்காதீர்கள். ஒரு ட்ரிக்குக்கும் அடுத்ததற்கும் இடையே கால் தரையை உந்துவதும் உடல் நிலைகொள்வதும் அதன் ஒரு பகுதிதான். அவற்றை நீக்கினால் தொடர்ந்து செய்தார் என்பதற்கான சான்றும் போய்விடுகிறது. கேமரா பின்தொடர முடியாத அளவுக்குத் திசை மாறும் லைனாக இருந்தால், கோணத்தை மாற்றிச் சமாளிப்பதைவிட ஒரு ட்ரிக்கைக் குறைத்துக்கொள்வதே மேல். ஸ்லோமோஷனையும் லைனுக்குள் கொண்டுவர வேண்டாம். தனியாக நிற்கும் ஒற்றை ட்ரிக்கில், பலகையைக் கால் பிடிக்கும் அந்த நொடிக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.