ஸ்கேன் செய்த பில் நேராக ஃபோல்டரில் விழ

புளியரை வழியாகக் கேரளா போகும் லோடுக்கு இன்வாய்ஸ், இ-வே பில் என்று தினமும் ஸ்கேன் எடுக்கும் செங்கோட்டை புக்கிங் ஆபீஸுக்கு பென்டிரைவ் அலைச்சல் தேவையில்லை. காப்பியர் மெஷினே ஸ்கேனை நெட்வொர்க் வழியாகக் கம்ப்யூட்டரில் ஷேர் செய்த ஃபோல்டருக்கு அனுப்பிவிடும்.

முதலில் கம்ப்யூட்டருக்கு நிலையான ஐபி (நெட்வொர்க்கில் அதன் எண் முகவரி) கொடுங்கள். ரௌட்டரிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது. சாரல் காலத்தில் கரண்ட் போய் ரௌட்டர் மறுபடி எழும்போது ஐபி மாறினால் ஸ்கேன் நின்றுவிடும்.

அடுத்து, மெஷின் கம்ப்யூட்டருக்குள் நுழைய, ஸ்கேனருக்கென்று தனி யூசர். விண்டோஸ் புரோவில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் சேர்க்கும்போது, 'அடுத்த லாகினில் பாஸ்வேர்டை மாற்று' என்ற டிக்கை எடுத்துவிட்டு, 'காலாவதி ஆகாது' என்பதில் டிக் போடுங்கள். முதலாவதை விட்டால் அன்றே ஓடாது. இரண்டாவதை விட்டால் 42 நாள் நன்றாக ஓடி, 43-ம் நாள் காரணமே தெரியாமல் நிற்கும். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் பாருங்கள். விண்டோஸில் நுழையப் போடும் பின் நம்பர் இங்கே செல்லாது, பாஸ்வேர்டே வேண்டும்.

ஃபோல்டர் பெயர் இடைவெளியில்லாத ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். ஷேரிங், செக்யூரிட்டி இரண்டு டேபிலும் அந்த யூசருக்கு எழுதும் உரிமை வேண்டும். ஒன்றில் மட்டும் கொடுத்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்களே அதிகம். நெட்வொர்க் 'பிரைவேட்' ஆக இருக்கட்டும். ஃபயர்வாலில், ஃபைல் ஷேரிங்குக்கான வழியான போர்ட் 445 திறந்திருக்க வேண்டும்.

மெஷினின் அட்ரஸ் புக்கில் கம்ப்யூட்டர் பெயருக்குப் பதில் ஐபியையே அடியுங்கள். பில்லுக்கு 200 டிபிஐ, பிடிஎஃப் போதும்.

பழைய காப்பியர் எஸ்எம்பி 1 (விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கின் பழைய முறை) மட்டுமே பேசும். இப்போதைய விண்டோஸில் அது அணைந்திருக்கும். பாதுகாப்பு ஓட்டை அது, திறக்காதீர்கள். அதற்குப் பதில் ஆபீஸுக்குள் மட்டும் எஃப்டிபி (ஃபைல் அனுப்பும் வேறொரு முறை) வைத்துக்கொள்ளலாம்.