டேக்: பற்றுகிற கை யாருடையது?

மதுரையில் சாயங்கால வேளைகளில் நர்சுகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ வேலைக்குப் போக மருத்துவத் துறையினருக்கான ஓ.ஈ.டி. ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறவர்கள். கடினமான மருத்துவச் சொல்லெல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். 'டேக்' வந்தால் மட்டும் சறுக்கும். அதற்கு வகுப்பில் நான் சொல்லும் வழி இது.

அகராதியை முதலில் மூடி வையுங்கள். அதில் டேக்குக்குப் பக்கம் பக்கமாக அர்த்தம் போட்டிருப்பான், படித்தால் தூக்கம்தான் வரும். டேக் என்றால் 'எடு' என்று பள்ளிக்கூடத்தில் படித்ததையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்தச் சொல்லின் அடியில் இருப்பது ஒரு கை: நீட்டிப் பற்றி, தன் பக்கம் கொண்டுவருகிற கை. டேக் போட நினைக்கும்போதெல்லாம் 'இங்கே பற்றுகிற கை யாருடையது?' என்று கேளுங்கள்.

நம் ஊர் நோயாளி 'நேத்து ஸ்கேன் எடுத்தேன்' என்பார். அதை அப்படியே 'ஐ டுக் எ ஸ்கேன்' என்றால், மெஷினை ஓட்டிப் படம் பிடித்தவரே அவர்தான் என்று ஆகிவிடும். படம் எடுத்த கை டெக்னீஷியனுடையது. நோயாளி சொல்ல வேண்டியது 'ஐ ஹேட் எ ஸ்கேன்'. எக்ஸ்ரேக்கும் ஊசிக்கும் இதே கணக்குத்தான்: 'ஐ ஹேட் ஆன் இன்ஜெக்‌ஷன்'. ரத்தம் எடுப்பது நீங்கள் என்பதால் 'ஐ நீட் டு டேக் சம் பிளட்' என்று தாராளமாகச் சொல்லலாம். டெம்பரேச்சர், பல்ஸ், பிளட் பிரஷர், நோயாளியின் ஹிஸ்டரி எல்லாம் நீங்கள் டேக் பண்ணுகிறவை. மாத்திரையை நோயாளியே கையில் வாங்கி வாயில் போடுகிறார், ஆகவே 'டேக் டூ டேப்லெட்ஸ்' சரி.

அப்படியானால் சாப்பாடும் அவர் கையால்தானே என்று ஒருவராவது கேட்பார். நல்ல கேள்வி. ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் டீயையும் காலை உணவையும் டேக் பண்ணியவர்கள்தாம். அந்த வழக்கு அங்கே பழசாகிவிட்டது, நாம்தான் இன்னும் வைத்திருக்கிறோம். 'ஹேவ் யூ டேக்கன் யுவர் ஃபுட்?' என்றால் புரியும். 'ஹேவ் யூ ஈட்டன்?' இயல்பாக இருக்கும்.

வகுப்பு 'எடுப்பது' இன்னொரு வில்லங்கம். 'ஐ டுக் எ கிளாஸ்' என்றால் அமெரிக்கர் நீங்கள் மாணவராக உட்கார்ந்து படித்ததாக நினைப்பார். பிரிட்டனில் இரண்டு பொருளும் உண்டு. பாடம் நடத்தியதைச் சொல்ல 'டீச்' இருக்கும்போது எதற்கு வம்பு? பரீட்சையை நாம் எழுதுகிறோம், அவர்கள் டேக் பண்ணுகிறார்கள்.

நேரத்துக்கும் டேக் வரும். 'இட் டேக்ஸ் டூ டேஸ்' என்பதில் கை யாருடையது? வேலையே நேரத்தைப் பற்றிக்கொள்கிறது. தமிழிலும் 'நேரம் பிடிக்கும்' என்கிறோமே, அதேதான்.

இந்தக் கைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் இந்த வேலையைப் பார்த்துவந்த வினை 'நிமன்'. 865இல் கடல் கடந்து இங்கிலாந்தில் வந்து இறங்கிய, வைக்கிங் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின் பெரும் படை அடுத்த ஆண்டே அங்கிருந்த யார்க் நகரைப் பிடித்தது. பிறகு படையில் பலர் வாளை வைத்துவிட்டு நிலத்தைப் பங்கு போட்டு உழவர்களாக அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் பேச்சில் 'டாகா' என்றால் பற்று. பக்கத்து வயலும் சம்பந்தமுமாக இரண்டு பேச்சும் கலந்ததில் 'தே', 'தெம்' என்ற பிரதிப்பெயர்களே அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டன. டேக் வந்ததில் ஆச்சரியம் என்ன? 1100ஐ ஒட்டி ஆங்கில எழுத்தில் தலைகாட்டிய டேக், அடுத்த சில நூற்றாண்டுகளில் நிமனை ஓரங்கட்டிவிட்டது.

ஆனால் நிமன் உங்கள் வார்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கால் மரத்துப்போச்சு என்று நோயாளி சொன்னால் கேஸ் ஷீட்டில் 'நம்ப்' என்று எழுதுகிறீர்களே, அது நிமனின் வழி வந்த சொல்: உணர்வு பறிபோனது. கடைசியில் வரும் பி எழுத்து பின்னால் ஒட்டியது, அதனால்தான் உச்சரிப்பில் 'நம்' மட்டும். ஜெர்மனிக்குப் போக அந்த மொழி படிக்கிறவர்களுக்கு 'நேமென்' தெரிந்திருக்கும், நிமனின் நெருங்கிய சொந்தம்.

இறந்தகாலம் 'டுக்' ஆனதும் வைக்கிங் வாய்வழக்கில்தான். ஷேக், ஷுக், ஷேக்கன் என்பதோடு சேர்த்துப் படியுங்கள், மறக்காது. 'ஹேவ்' பின்னால் டுக் வராது, டேக்கன்தான்.

பின்னொட்டு சேர்ந்த டேக்கை எல்லாம் மனப்பாடம் பண்ணச் சொல்லமாட்டேன். வார்டில் காதில் விழுபவை போதும். சட்டையைக் கழற்றச் சொல்ல 'டேக் ஆஃப்'. டாக்டர் சொன்னது மனசில் ஏறவில்லை என்றால் 'ஐ குட்ன்ட் டேக் இட் இன்'. நோயாளியின் மகள் அப்படிச் சொன்னால் மறுபடி நிதானமாக விளக்குங்கள். 'ஐ கான்ட் டேக் இட் எனிமோர்' வேறு ரகம். இனிப் பொறுக்க முடியாது என்கிறார். சார்ட்டைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்க வேண்டிய வாக்கியம் அது. 'ஆர் யூ டேக்கிங் எனிதிங்?' என்று நீங்கள் கேட்பது மருந்தைத்தான், ஆனாலும் கஷாயம், கடையில் தானாக வாங்கிப் போட்ட மாத்திரை இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் 'நோ' என்றுதான் பதில் வரும்.

பயிற்சிக்கு, நாளை டியூட்டியில் 'எடு' என்று நீங்கள் பேசுவதையெல்லாம் ஒரு தாளில் குறியுங்கள். லீவு எடு, போட்டோ எடு இரண்டுக்கும் டேக் சரி. முடிவு எடுக்க பிரிட்டனில் டேக்கும் மேக்கும் செல்லும், அமெரிக்காவில் மேக். பசி எடுப்பதற்கும் வாந்தி எடுப்பதற்கும் மட்டும் தயவுசெய்து டேக் போட்டுக்கொண்டு வராதீர்கள்.