கணக்கு யார் பேரில்? பிள்ளைகளின் சமூக ஊடகத் தடை பற்றி ஊரில் கூடிப் பேசுவது எப்படி

16 வயது ஆகாத பிள்ளைகளுக்குச் சமூக ஊடகம் கூடாது என்று நாளைக்கே சட்டம் வந்தாலும், பாம்பனிலிருந்து தொண்டி வரை கரையோர வீடுகளில் நிறையப் பிள்ளைகளை அது தொடாது. அவர்கள் ரீல்ஸ் பார்க்கும் கணக்கு அம்மா பேரில் இருக்கிறது. சிம் அம்மாவின் ஆதாரில் வாங்கியது. ஓடிபி வருவது அந்த எண்ணுக்கு. கணக்கில் இருக்கும் பிறந்த ஆண்டும் அம்மாவுடையது, இல்லையென்றால் பிள்ளை வாய்க்கு வந்த ஏதோ ஓர் ஆண்டு. முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்கும் முறை வந்தாலும், "அம்மா, இதைக் கொஞ்சம் பாரேன்" என்று ஒரு தடவை போனை நீட்டினால் வேலை முடிந்தது. அதனால் தடை வேண்டுமா வேண்டாமா என்று ஊர் பேசும்போது, நம் வீட்டில் எந்தக் கணக்கை யார் நடத்துகிறார்கள் என்பதில்தான் பேச்சு தொடங்க வேண்டும்.

கூட்டத்தை எப்போது வைப்பது, என்ன கேட்பது, எதைத் தீர்மானமாக எழுதுவது, பிறகு போனில் எங்கே கை வைப்பது என்பது கீழே.

மே 1-ஐ விடாதீர்கள்

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் கரைக்கு இவற்றில் மே 1 தனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் கூட்டம் போட்டால் ஒரு பாதி கடலில் இருக்கும், மறுபாதி விடிய விடிய வலை இழுத்துவிட்டு வந்து தூங்கும். அம்மாக்கள் மட்டும் வந்து பேசிப் போவார்கள், வீட்டில் முடிவு மாறிவிடும். பள்ளி விடுமுறையும் அதே மாதம்தான் என்பதால் போன் அதிகம் ஓடுவதும் அப்போதுதான்.

ஒரு வாரத்துக்கு முன்பே ஊராட்சி செயலரிடம் ஒரு பக்க மனுக் கொடுத்து, பொருளை அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் எழுந்து பேசினால் 'இதர பொருள்' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். ராமேஸ்வரம், கீழக்கரை நகராட்சிகள். மண்டபம், தொண்டி பேரூராட்சிகள். அங்கே கிராம சபை இல்லை. ஜமாஅத், தேவாலயப் பங்கின் அன்பியக் கூட்டம், பள்ளி மேலாண்மைக் குழு, மகளிர் குழு இவற்றில் எது உண்மையில் கூடுகிறதோ அதில் பேசலாம்.

பேசப் போகிறவர் கையில் வைத்திருக்க வேண்டியவை

ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் சட்டம் போட்டு, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இன்ஸ்டாகிராம், பேஸ்புக், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. வாட்ஸ்அப் அந்தப் பட்டியலில் இல்லை. அபராதம் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை, அதுவும் கம்பெனிக்குத்தான். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தண்டனை கிடையாது. கூட்டத்தில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். 'தடை' என்றதும் பிள்ளையைப் பிடித்துக் கொடுப்பார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள்.

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. 2025 ஏப்ரலில் 13 வயதுக்குக் கீழ் தடை கேட்ட மனுவை, இது கொள்கை முடிவு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நம் ராமநாதபுரம் மாவட்டம் உட்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ஆஸ்திரேலியா போல ஒரு சட்டம் கொண்டுவருவதை மத்திய அரசு ஆராயலாம் என்று 2025 டிசம்பரில் சொன்னது.

டிக்டாக் கதையும் உதவும். 2019 ஏப்ரலில் அதே மதுரைக் கிளை அதன் பதிவிறக்கத்துக்குத் தடை விதித்து, அந்த மாதமே விலக்கிக்கொண்டது. 2020 ஜூன் 29-இல் மத்திய அரசு முழுவதுமாகத் தடுத்தது. சில மாதங்களுக்குள் ரீல்ஸும் ஷார்ட்ஸும் வந்தன, கூட்டம் அங்கே போனது. ஒரு செயலியைத் தடுப்பது வேறு, வயதைத் தடுப்பது வேறு. இரண்டையும் குழப்பிப் பேசுகிறவரை அன்போடு நிறுத்துங்கள்.

நம் ஊருக்குத் தடை என்பது புதிய சொல் இல்லை. மீன்பிடித் தடைக்காலம் நிலைத்து நிற்பது எதனால் என்று எல்லோருக்கும் தெரியும். தேதி தெளிவு. எந்தப் படகுக்கு, எதற்கு விலக்கு என்பது தெளிவு: விசைப்படகுக்குத் தடை, நாட்டுப்படகுக்கு இல்லை. எண்ணிப் பார்க்கப் படகு கரையில் நிற்கிறது. வருமானம் போகிற குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் வருகிறது. பிள்ளைகளின் சமூக ஊடகத் தடைக்கும் இதே கேள்விகளைப் போடுங்கள்: யாருக்கு, எதற்கு விலக்கு, யார் எண்ணிப் பார்ப்பார்கள், போனை வாங்கிக்கொண்டால் அந்த நேரத்துக்குப் பதிலாகப் பிள்ளைக்கு என்ன தருவோம். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத கூட்டம் பாதிக் கூட்டம்தான்.

முதலில் பிள்ளைகளிடம் கேளுங்கள்

கூட்டத்துக்கு நான்கைந்து நாள் முன்பு இதைச் செய்ய வேண்டும். 10 முதல் 12 வயது, 13 முதல் 16 வயது என்று பிரித்து, பெண் பிள்ளைகளையும் ஆண் பிள்ளைகளையும் தனித்தனியாக, ஒரு குழுவுக்கு எட்டுப் பத்துப் பேராக உட்கார வையுங்கள். 40 நிமிடம் போதும். பெற்றோர் அந்த அறையில் இருக்கக் கூடாது. பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் நான்கு கேள்விகள்: எத்தனை ஐடி இருக்கிறது? அதில் பிறந்த ஆண்டு எது? முன்பின் தெரியாதவர் மெசேஜ் அனுப்பியிருக்கிறாரா? அப்படி ஒரு சிக்கல் வந்தால் யாரிடம் சொல்வாய்?

நான்காவது கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன், போனைப் பிடுங்கிவிடுவார்கள்' என்று எழுதும் பிள்ளைகளை எண்ணுங்கள். படத்தை வைத்து மிரட்டுகிறவன் நம்பியிருப்பது இந்தப் பயத்தைத்தான். பெண் பிள்ளைகளின் சீட்டைத் தனியாக எண்ணுவதற்கும் காரணம் உண்டு. ஊர் தடை என்று பேசினால் அது முதலில் அவர்கள் தலையில் விழும். அண்ணன் கையில் போன் இருக்கும், தங்கையின் ஆன்லைன் பாடமும் சேர்ந்து நிற்கும். தீர்மானத்தில் 'பிள்ளைகள்' என்று எழுதும்போது இருபாலருக்கும் என்று சேர்த்தே எழுதுங்கள்.

கூட்டத்தில்

எடுத்த எடுப்பில் 'தடை வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்' என்று கேட்காதீர்கள். எல்லாக் கையும் உயரும், அதோடு பேச்சு செத்துவிடும். சீட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் வாசியுங்கள். எந்தத் தெரு, எந்த வீடு என்று அடையாளம் தெரியும் எதையும் வாசிக்காதீர்கள். பிறகு மூன்றே கேள்விகள்: கம்பெனி என்ன செய்ய வேண்டும், அரசும் பள்ளியும் என்ன செய்ய வேண்டும், வீடு என்ன செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் அப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகளின் குரலையும் கேட்டு வாங்குங்கள். அங்கே வீடியோ கால்தான் அப்பா. போனை இரவு முழுவதும் அணைத்து வை என்று அந்த வீட்டுக்குச் சொல்ல முடியாது. ஊருக்கு வரும்போது பிள்ளைக்கென்று புதுப் போன் வாங்கி வருவதும் அவர்தான். கூட்டம் முடிந்ததும் தீர்மானத்தின் படத்தை அவருக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

கிராம சபை சட்டம் போட முடியாது. போன் வைத்திருக்கும் பிள்ளைக்கு அபராதம், வீட்டைத் தள்ளி வைப்பது போன்ற பேச்சு எழுந்தால் அங்கேயே மறுத்துவிடுங்கள். ஊருக்கு அந்த அதிகாரம் இல்லை, சட்டப்படி அது குற்றமாகவும் ஆகலாம். எழுதத்தக்கவை இவை: வயது சரிபார்ப்புப் பொறுப்பைக் கம்பெனிகள் மேல் வைக்குமாறு மத்திய அரசைக் கேட்பது, வீட்டுப்பாடத்தை மாலை 6 மணிக்குப் பிறகு வாட்ஸ்அப் குழுவில் போடாமல் வகுப்பிலேயே எழுதவைக்கப் பள்ளியைக் கேட்பது, ஊர் நூலகத்தையும் விளையாட்டுத் திடல் விளக்கையும் இரவு 8 மணி வரை திறந்து வைப்பது. தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு, நடவடிக்கைப் புத்தகத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

போனில் கை வைக்கும் இடங்கள்

முதலில் கைரேகை. பாசி எடுக்கும் அம்மாக்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் வேலை செய்கிறவர்கள். மீன் வெட்டி, கருவாடு போடுகிறவர்களுக்கும் விரல் நுனி தேய்ந்திருக்கும். ரேஷன் கடை மெஷினே சில நாள் எடுக்காது. போனும் எடுக்காமல் போக, 'நீயே வை' என்று பிள்ளையின் கைரேகையைப் பதிந்துவிடுவார்கள். செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் எத்தனை கைரேகை பதிந்திருக்கிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆறு இலக்க எண் பூட்டு போடுங்கள். பேட்டர்ன் வேண்டாம், கண்ணாடியில் விரல் போன தடம் தெரியும். பிறந்த ஆண்டும் படகின் பதிவு எண்ணும் வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த எண்கள் அவை.

அடுத்து, ஒரே போனை வீடே பயன்படுத்தினால் செயலிப் பூட்டு போடுங்கள். ரெட்மி, விவோ, ஓப்போ போன்களில் இது செட்டிங்ஸிலேயே உண்டு. போன் பூட்டுக்கு ஓர் எண், செயலிப் பூட்டுக்கு வேறு எண். இன்ஸ்டா, பேஸ்புக், ஜிபே, கேலரி நான்கையும் பூட்டுங்கள். 'இரட்டைச் செயலி' என்று ஒரு வசதியும் அந்தப் போன்களில் இருக்கும். அதில் இரண்டாவது இன்ஸ்டா ஓடுகிறதா என்று பாருங்கள். பூட்டு போட்டும் பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான், அல்லது குரோமில் இன்ஸ்டாவைத் திறப்பது.

யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து நிறுத்திவிட்டால் முகப்புப் பக்கம் காலியாகிவிடும். தேடினால்தான் வீடியோ வரும். ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளிடம் இந்த இரண்டு மட்டுமே நல்ல வித்தியாசம் காட்டும்.

13 வயது நிரம்பிய பிள்ளைக்குத் தனி இன்ஸ்டா இருந்தே தீரும் என்றால் உண்மையான பிறந்த ஆண்டோடு இருக்கட்டும். அப்போதுதான் அது டீன் கணக்காகும்: கணக்கு பிரைவேட்டாக இருக்கும், பிள்ளை பின்தொடராதவர் மெசேஜ் அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்பு வராது, 16 வயதுக்குக் கீழே என்றால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். 1995 என்று பொய் ஆண்டு போட்ட பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. 30 வயது ஆளாகத்தான் கம்பெனி அதை நடத்தும். ஆண்டை அக்கவுண்ட்ஸ் சென்டரில் திருத்தலாம். 13 நிரம்பாத பிள்ளையின் ஆண்டைப் போட்டால் கணக்கே முடங்கும். வேண்டிய படங்களை முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்குத் தனிப் போன் இருந்தால் கூகுளின் ஃபேமிலி லிங்க். அம்மாவின் போனில் பெற்றோர் கணக்கு, பிள்ளையின் போனில் பிள்ளையின் கணக்கு. இரவு 9 முதல் காலை 6 வரை ஓய்வு நேரம், புதுச் செயலிக்கு ஒப்புதல், இவை இரண்டு போதும். போனிலேயே இருக்கும் டிஜிட்டல் வெல்பீயிங் டைமரை மட்டும் நம்பாதீர்கள். பல போன்களில் அதற்குப் பூட்டு கிடையாது, பிள்ளையே எடுத்துவிடும். பெட்டிக்குள் கிடக்கும் பழைய போனையும் பாருங்கள். சிம் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டு ஹாட்ஸ்பாட்டில் அது ஓடும்.

மிரட்டல் வந்தால்

பணம் அனுப்பாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். மிரட்டுகிறவரின் ஐடி பெயர், எண், மெசேஜ் இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிள்ளையின் படத்தை உதவிக்கென்றும் யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள், ஆசிரியருக்கும் ஊர்த்தலைவருக்கும்கூட. அப்படி அனுப்புவதே சட்டப்படி குற்றமாகும். போனை அப்படியே காவல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 18 வயதுக்குக் கீழ் எடுக்கப்பட்ட படங்களுக்கு உண்டு. படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் அடையாளக் குறியீடு மட்டும் கம்பெனிகளுக்குப் போகும்.

ஜூன் முதல் வாரத்தில்

படகுகள் கடலுக்குத் திரும்பும் முன், ஒரு மாலையில் பள்ளி வராந்தாவில் இரண்டு மேசை போடுங்கள். போன் செட்டிங்ஸ் தெரிந்த கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் போதும். ஒரு போனுக்கு 15 நிமிடம் ஆகும். 20 போனுக்கு மேல் ஒரே நாளில் எடுக்காதீர்கள். உதவுகிறவர் எந்த எண்ணையும் தெரிந்துகொள்ளக் கூடாது, எழுதியும் வைக்கக் கூடாது. திரையில் எண் கேட்கும் இடம் வந்ததும் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு உதவுகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். அம்மா இரண்டு தடவை தானே அழுத்தித் திறந்து பார்த்த பிறகு அடுத்த போனை எடுக்கலாம்.