‘வைட்டமின் ஏ தானே?’ ரெட்டினாய்டு மருந்துகளில் செய்யக்கூடாத தவறுகள்

மருந்துக் கடையில் நிற்கும் எனக்கு இது பழகிப்போன காட்சி. கல்லூரிப் பெண் ஒருத்தி செல்போனில் மாத்திரை அட்டையின் படத்தைக் காட்டி, “அண்ணா, இந்தப் பரு மாத்திரை பத்து வேணும்” என்பாள். சீட்டு எங்கேம்மா என்று கேட்டால், “ஹாஸ்டல்ல ஃபிரண்ட் போடுறா, நல்லா கேக்குது. வைட்டமின் ஏ தானேண்ணா?” என்பாள். அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைப் பயமுறுத்துகிறது. இந்த மருந்துகளில் நடக்கிற தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

வைட்டமின் ஏ கண்ணுக்கு நல்லது என்பது பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. அதன் இன்னொரு வேலை பலருக்குத் தெரியாது. உடலுக்குள் அது ரெட்டினாயிக் அமிலமாக மாறி, செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. தைராய்டு ஹார்மோன் வேலை செய்வதும் ஏறக்குறைய இப்படித்தான். 1985இல் ஷாங்காய் மருத்துவர் வாங் ஷென்யீ, ஒருவகை ரத்தப் புற்றுநோயால் சாகக் கிடந்த சிறுமிக்கு இந்த அமிலத்தையே கொடுத்தார். புற்றுச் செல்கள் முதிர்ந்து சாதாரணச் செல்களைப் போல ஆயின, குழந்தை பிழைத்தாள். அந்த மருந்தின் பெயர் ட்ரெட்டினாயின். முகத்தில் தடவும் பரு கிரீமில் இருப்பதும் அதே பொருள்தான். இதையும் இதைப்போல வேலை செய்யும் மற்ற மருந்துகளையும் சேர்த்துத்தான் ரெட்டினாய்டு என்கிறோம்.

இவ்வளவு வலிமையான பொருளைக் கேப்சூலாக விழுங்கும்போது நடக்கும் மிகப் பெரிய தவறு, கர்ப்பத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது. கருவில் இதயமும் மூளையும் காதும் உருவாகும்போது, எந்த இடத்தில் எது வளர வேண்டும் என்று சொல்வதில் ரெட்டினாயிக் அமிலத்துக்கும் பங்கு உண்டு. வெளியிலிருந்து மருந்தாக அது வந்து நிறைந்தால் அந்தக் கணக்கு குலைந்துவிடும். பருவுக்கு விழுங்கும் கேப்சூலான ஐசோட்ரெட்டினாயின் 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த சில ஆண்டுகளிலேயே காது, முகம், இதயம், மூளை ஆகியவற்றில் குறைபாடுகளோடு குழந்தைகள் பிறந்தது தெரியவந்தது. கர்ப்பிணிக்குப் பாதுகாப்பான அளவு என்று இதில் எதுவும் இல்லை, சில நாள் சாப்பிட்டாலும் ஆபத்துதான். அதனால் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, சாப்பிடும் காலம் முழுக்க, நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை கர்ப்பம் தரிக்கவே கூடாது. பரிசோதனை செய்து, கர்ப்பம் இல்லை என்று உறுதியான பிறகே தொடங்க வேண்டும்.

நம் வீடுகளில் இது எங்கே தவறுகிறது என்றால், கல்யாணம் நிச்சயமானதும் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மாத்திரை ஆரம்பிக்கிறார்கள். இந்தச் சிகிச்சை வழக்கமாக நான்கு முதல் ஆறு மாதம் வரை போகும். முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது தொடங்கினால், திருமணம் முடிந்த பிறகும் மருந்து உடம்பில் இருக்கும். கல்யாணமாகாத பெண்ணிடம் இதைக் கேட்கச் சங்கடப்பட்டு டாக்டர் விட்டுவிடலாம், அம்மா பக்கத்தில் இருப்பதால் அவளும் வாய் திறக்க மாட்டாள். தயவுசெய்து கல்யாணத் தேதியை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். மருந்து சாப்பிடும்போது நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், மறைக்காதீர்கள்.

சோரியாசிஸுக்குக் கொடுக்கும் அசிட்ரெட்டின் இன்னும் கடுமையானது. அதை நிறுத்திய பின் மூன்று ஆண்டு கர்ப்பம் கூடாது. மது உள்ளே போனால் அது எட்ரெட்டினேட் என்ற, மாதக்கணக்கில் கொழுப்பில் தங்கும் பொருளாக மாறும். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு இதை எழுதுவதற்கு முன் வேறு வழி இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

ரத்ததானத்தை ஆண்களும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். ஐசோட்ரெட்டினாயின் நிறுத்தி ஒரு மாதம், அசிட்ரெட்டின் என்றால் மூன்று ஆண்டு கழித்தே கொடுக்க வேண்டும்.

பருவுக்கே எழுதப்படும் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை ஐசோட்ரெட்டினாயினோடு சேர்த்துச் சாப்பிட்டால் மூளையைச் சுற்றி அழுத்தம் ஏறலாம். தாங்க முடியாத தலைவலி வரும், பார்வை மங்கும். பழைய சீட்டில் மீந்த மாத்திரையை இதோடு சேர்க்காதீர்கள். மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் வைட்டமின் ஏ கலந்த சத்து மாத்திரையும் இந்த மருந்து சாப்பிடும் காலத்தில் வேண்டாம். கேப்சூலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், வெறும் வயிற்றில் மருந்து சரியாகச் சேராது. கல்லீரல், கொழுப்பு பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

கிரீமில் நடக்கும் தவறு வேறு மாதிரி. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். அதிகம் பூசினால் சீக்கிரம் குணமாகாது, தோல் உரிந்து எரியும். இரவில், ஈரம் நன்றாகக் காய்ந்த முகத்தில், முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் தடவுங்கள். தொடக்க வாரங்களில் பரு கூடுவதைப் பார்த்து நிறைய பேர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பலன் தெரியவே எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். கர்ப்பமாக இருந்தால் கிரீமும் வேண்டாம்.

“வெள்ளையாகும் கிரீம்” என்று கேட்டு வாங்கும் ட்யூப்கள் பலவற்றில் ட்ரெட்டினாயினோடு, தோலின் நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோனும் ஸ்டீராய்டும் இருக்கும். மங்கு திட்டுகளுக்கு டாக்டர் கண்காணிப்பில் சில வாரம் மட்டும் போட வேண்டியது அது. மாதக்கணக்கில் போட்டு, தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, நிறுத்தினால் எரியும் முகத்தோடு வருகிறவர்களைப் பார்க்க மனம் தாங்காது.

இதையெல்லாம் படித்துவிட்டு, குழந்தைக்கு அரசு கொடுக்கும் வைட்டமின் ஏ திரவத்தை வேண்டாம் என்று சொல்வது எதிர்ப்பக்கத் தவறு. 1990இல் வெளியான திருச்சி வட்டார ஆய்வில், வாரம் ஒரு சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. அந்த ஆய்வை நடத்தியவர்கள் மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள். முருங்கைக்கீரையைச் சிறிது எண்ணெயோடு சமைத்துக் கொடுக்கவும் பயம் வேண்டாம். கீரையில் உள்ள கரோட்டினைத் தேவைக்கேற்பவே உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது.

அரசு கொடுக்கும் திரவத்தின் கணக்கு இதுதான்: ஒன்பதாம் மாதத்தில் ஒரு லட்சம் யூனிட், பதினாறு முதல் பதினெட்டு மாதத்துக்குள் இரண்டு லட்சம், பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம். முகாமில் ஒருமுறை, தனியார் கிளினிக்கில் ஒருமுறை என்று இரட்டிப்பாகிவிடாமல் இருக்க, தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோய் கடைசித் தேதியைக் காட்டுங்கள்.