ட்ரில் வாங்குமுன்

விசுவமடுவில் எங்கள் வீடு இந்திய வீட்டுத் திட்டத்தின் 550,000 ரூபாயோடு எழும்பியது. சுவர் சீமெந்துக் கல், தூணும் கதவு, யன்னலுக்கு மேலே போகும் லிண்டலும் கொங்கிறீட். இந்த வித்தியாசம் எனக்கு விளங்கியது திரைச்சீலைக் கம்பி போட்ட அன்றுதான். அக்கா வீட்டு அத்தானிடம் இரவல் வாங்கிய சாதாரண ட்ரில் சுவரில் சர்ரென்று இறங்கியது. லிண்டலில் கால் அங்குலத்தோடு நின்றுவிட்டது. எவ்வளவு அமத்தியும் அலகின் முனை மழுங்கியதுதான் மிச்சம்.

கடையில் எல்லோரும் "எத்தனை வாட்ஸ்?" என்றுதான் கேட்கிறார்கள். எப்படி அடிக்கும் என்று கேளுங்கள். இம்பாக்ட் ட்ரில்லுக்குள் பல்லு வைத்த இரண்டு தட்டுகள் உரசி அதிரும். அடி வேகமானது, ஆனால் பலம் உங்கள் தோளிலிருந்துதான் போகவேண்டும். கல்லுச் சுவரில் எப்போதாவது ஆணி இறுக்க 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பிளக் அடிக்க அது போதும். ரோட்டரி ஹாமரில் பிஸ்டன் காற்றை அமுக்கி அடிக்கும். நாங்கள் நேராகப் பிடித்திருந்தால் சரி. அடியின் பலத்தை ஜூலில் சொல்வார்கள், வீட்டுக்கு 2 முதல் 3 ஜூல் தாராளம். இதற்கு அடிப்பக்கத்தில் பள்ளம் வெட்டிய எஸ்டிஎஸ் பிளஸ் அலகு வேண்டும், பழைய உருண்டை அலகு நேரே பூட்டாது.

பொள்ளல் கல்லில் அடியை நிறுத்திவிட்டுத் துளையுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் சிதறும். லிண்டலில் அலகு திடீரென்று மறித்தால் உள்ளே கம்பி. மல்லுக்கட்டாமல் தள்ளிப் போடுங்கள். பக்கக் கைபிடி இல்லாத மெசினை வாங்கவே வேண்டாம், மணிக்கட்டை முறுக்கிவிடும்.

இனிக் கலவை. குளியலறை டைல்ஸ் பசையை அதே அத்தானின் ட்ரில்லில் கலக்கும் துடுப்பைப் பூட்டிக் குழைத்தேன். அது நிமிடத்துக்கு 3,000 சுற்றுவரை போகும். பசைக்கு 400 முதல் 700 சுற்றுப் போதும். மெதுவாக்க சுவிட்சை அரைவாசி அழுத்திப் பிடித்தேன். பிழை அங்கேதான். மோட்டரைக் குளிராக்கும் விசிறியும் அதே தண்டில்தான் சுற்றுகிறது. சுற்றுக் குறைந்தால் காற்றும் குறையும், பாரமோ ஏறும். மூன்றாவது வாளியில் மணம், நாலாவதில் புகை. "தானாக நின்றுவிட்டது" என்றுதான் அத்தானிடம் சொன்னேன்.

கலக்கவும் வேண்டுமென்றால் இரண்டு கியர் உள்ளதாக, 1,000 வாட்ஸுக்குக் குறையாமல் எடுங்கள். முதலாம் கியரில் சுவிட்சை முழுதாக அழுத்திக் கலக்குங்கள். துடுப்பு, அடியிலிருந்து மேலே இழுக்கும் வடிவமாக இருக்கட்டும். பெயின்றுக்கு விற்பது மேலிருந்து கீழே தள்ளும், அது சரிவராது. மணலும் சீமெந்தும் குழைக்க மட்டும் எந்த ட்ரில்லையும் தொடாதீர்கள். அதற்கு மண்வெட்டியும் தாச்சியும்தான்.

முற்றத்தில் வேலை என்றால் மெல்லிய நீள வயரில் வோல்டேஜ் விழும், மோட்டர் சூடாகும். தடித்த வயரை, சுருளை முழுக்க விரித்து எடுங்கள். ஈரக் கையோடு நிற்கிறோம், ஆகையால் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானையும் முதலில் அழுத்திப் பாருங்கள்.

கடைசியில் நான் வாங்கியது 800 வாட்ஸ் ரோட்டரி ஹாமர். கலக்கும் மெசினை வாடகைக்கு எடுக்கிறேன். போன கிழமை அத்தான் இரவல் கேட்டு வந்தார். அடியை நிறுத்தும் சுவிட்சைக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.