மட்டக்களப்பு, அம்பாறைக்குப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கு: றிப்போட்டை எப்படிப் பார்ப்பது, டீச்சரிடம் என்ன கேட்பது

தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருந்து ஊர் திரும்பும் குடும்பங்களும், கட்டார், சுவிஸ் என்று இருந்துவிட்டு வருபவர்களும் பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். அதற்கு வழி சொல்ல ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனாலும் சொல்வார்கள். சேர்த்த பிறகு, முதல் தவணை முடிந்து தேர்ச்சி அறிக்கை கைக்கு வரும்போதுதான் பலர் தடுமாறிப் போகிறார்கள். தமிழ்நாட்டில் எண்பது, தொண்ணூறு எடுத்த பிள்ளை இங்கே முப்பத்தெட்டோடு வந்து நிற்கும். அந்த நாளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஜூனில் ஆண்டு தொடங்கும், காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று தேர்வு வரும். இங்கே வழமையாக ஜனவரியில் தொடங்கி மூன்று தவணைகள், தவணைக்கு ஒரு பரீட்சை. மதிப்பெண்ணை இங்கே புள்ளி என்பார்கள். 75உம் அதற்கு மேலும் ஏ, 35க்குக் கீழே என்றால் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. பாடங்களும் கூட. ஆறாம் தரத்துக்கு, அதாவது ஆறாம் வகுப்புக்குப் போனால் கணிதம், விஞ்ஞானம், தமிழ், ஆங்கிலம் மட்டுமில்லை. சமயம், வரலாறு, புவியியல், குடியியல், சுகாதாரம், சித்திரம் அல்லது சங்கீதம் போன்ற ஒரு அழகியல் பாடம், இரண்டாம் மொழியாகச் சிங்களம் என்று பத்துக்கு மேலே போகும். ஐந்து பாடம் படித்துப் பழகிய பிள்ளைக்கு இந்த எண்ணிக்கையே ஒரு பாரம்.

றிப்போட் வந்ததும் ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்வி, "எத்தனையாம் பிள்ளை?" வகுப்பில் எத்தனையாவது இடம் என்று அர்த்தம். பக்கத்து வீட்டிலும் கேட்பார்கள், கோயிலிலும் கேட்பார்கள். தயவு செய்து நீங்கள் பிள்ளையிடம் அதைக் கேட்காதீர்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் ஆண்டில் அந்த இடத்தை வைத்து எதையும் அறிய முடியாது. அறிய வேண்டியது விடைத்தாளில் இருக்கிறது.

ஆகவே விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அநேகமான பாடசாலைகளில் திருத்திய விடைத்தாளைப் பிள்ளையிடம் கொடுப்பார்கள், அல்லது பெற்றோர் கூட்டத்தில் காட்டுவார்கள். தராவிட்டால் பாட ஆசிரியரிடம் மரியாதையாகக் கேட்கலாம், யாரும் குறை நினைக்க மாட்டார்கள். தாளைக் கையில் எடுத்ததும் மொத்தப் புள்ளியைப் பார்க்காமல், பிழை போட்ட இடங்களை மட்டும் ஒன்றொன்றாகப் பாருங்கள். ஒரு பிள்ளையின் கணிதத் தாள் 42 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருக்கிறது. பின்னம் வரும் மற்ற வினாக்கள் எல்லாவற்றிலும் அதே பிழை. பின்னம் வராத கேத்திர கணிதம் (தமிழ்நாட்டில் வடிவியல்) சரி. இந்தப் பிள்ளைக்குக் கணிதம் வராது என்று சொல்வது அநியாயம். பின்னங்களைக் கூட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டு கிழமை மாலையில் பக்கத்தில் இருந்து செய்யவைத்தால் தீருகிற விஷயம். இன்னொன்று: கணக்குச் செய்த வழிக்கும் இங்கே புள்ளி உண்டு. விடையை மட்டும் எழுதிவிட்டு வரும் பழக்கம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

விஞ்ஞானத் தாளில் வேறொரு சிக்கல். தமிழ்நாட்டில் இருந்து வரும் பிள்ளை படித்தது ஆக்சிஜன், ஹைட்ரஜன், செல், ஒளிச்சேர்க்கை. இங்கே பாடநூலில் இருப்பது ஒட்சிசன், ஐதரசன், கலம், ஒளித்தொகுப்பு. கார்பன் டை ஆக்சைடு இங்கே காபனீரொட்சைட்டு. முக்கோணத்தைக்கூட முக்கோணி என்பார்கள். வினா என்ன கேட்கிறது என்றே விளங்காமல் பிள்ளை வெறுமையாக விட்டுவிடும். தெரியாமல் விட்டதுபோல அது தாளில் தெரியும். வந்த முதல் மாதமே இந்த ஆண்டுப் பாடநூலோடு போன ஆண்டுப் பாடநூலையும் வாங்கி வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டுச் சொல்லையும் இங்கே உள்ள சொல்லையும் எதிரெதிரே பிள்ளையின் கையாலேயே ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பாடநூல்கள் பாடசாலையிலேயே இலவசம். போன ஆண்டுப் புத்தகத்தை மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் கிடைக்கும்.

சிங்களமும் வரலாறும் முற்றிலும் புதிது. அனுராதபுரம், பொலன்னறுவை என்று பிள்ளை கேள்விப்பட்டே இராது. சிங்களத்தில் எழுத்தில் இருந்து தொடங்க வேண்டும். இந்த இரண்டிலும் முதல் ஆண்டு குறைந்த புள்ளி வந்தால் வருத்தப்படாதீர்கள், பிள்ளையையும் வருந்த விடாதீர்கள். வெளிநாட்டில் வேறு மொழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்குத் தமிழில் எழுதுவதே இதேபோல இருக்கும். பேச்சில் குறை தெரியாது, தாளில்தான் தெரியும்.

அப்புறம் டீச்சர். பாடசாலை வழமையாகக் காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடும். காலையில் வாசலில் நிறுத்திக் கேட்டால் அவருக்கும் அவசரம், உங்களுக்கும் பதில் கிடைக்காது. ஒரு நாள் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பாடசாலை விட்ட பிறகு போங்கள். விடைத்தாளையும் கொப்பியையும் கொண்டு போங்கள். "டீச்சர், இவள் படிக்கிறாளா?" என்று கேட்டால் "பரவாயில்லை, இன்னும் படிக்க வேணும்" என்ற பதில்தான் வரும். "டீச்சர், இந்தப் பின்னக் கணக்கில திரும்பத் திரும்பப் பிழை விடுறாள், வீட்டில எதைச் செய்ய வைக்கட்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த அலகு, எந்தப் பக்கம் என்று அவரே புத்தகத்தைத் திறந்து காட்டுவார். பிள்ளை எங்கே இருந்து வந்தது, அங்கே எதுவரை படித்தது என்பதையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். நாற்பது பிள்ளை உள்ள வகுப்பில் அவர் அதைத் தானாகக் கண்டுபிடிப்பது கடினம்.

தவணைப் பரீட்சையோடு மட்டும் மதிப்பீடு நின்றுவிடுவதில்லை. பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று ஒன்று உண்டு. ஒப்படை, குழு வேலை, செயற்பாடு, சிறிய பரீட்சை என்று தவணை முழுக்க ஆசிரியர் பார்த்துக் குறித்துக்கொண்டே வருவார். ஆரம்பப் பிரிவில் பிள்ளை எந்தத் தேர்ச்சியை அடைந்தது, எதை இன்னும் அடையவில்லை என்று தனித்தனியாகப் பதிவார்கள். அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள், புள்ளியைவிட அதில் விவரம் அதிகம். கொப்பியில் "பிழை திருத்தம்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தால் அன்றிரவே செய்ய வையுங்கள். ஆசிரியர் சொன்னதற்குப் பிள்ளை பதில் எழுதும் இடம் அது. வெறுமையாகக் கிடந்தால் அவரும் எழுதுவதை விட்டுவிடுவார்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் மாறும். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தால் பெரிய பாடசாலையில் ஆறாம் தரத்துக்கு இடம் கேட்கலாம், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவித்தொகையும் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் நாலாம் தரத்தில் வந்து சேர்ந்த பிள்ளையை நாளுக்கு ஒரு மாதிரி வினாத்தாளில் அமர்த்துவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். கிழமைக்கு ஒன்று போதும். செய்த தாளை அடுத்த நாள் பிள்ளையோடு இருந்து, பிழைத்த ஒவ்வொரு வினாவையும் ஏன் பிழைத்தது என்று பிள்ளையின் வாயால் சொல்ல வைத்தால் போதும். வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளைக்கும் அதே பாடத்திட்டம், பதினோராம் தரத்தில் அதே சாதாரண தரப் பரீட்சை.

டியூசன் வேண்டுமா என்றால், எந்த அலகில் தடக்குகிறது என்று தெரிந்த பிறகு அனுப்புங்கள். நூறு பிள்ளை இருக்கும் வகுப்பில் உங்கள் பிள்ளையின் தாளை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம், வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளியில் குடியேறுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மூன்றாம் தவணை மாரி மழையோடு வரும், வெள்ளத்தில் பாதை மூடினால் சில நாள் பாடசாலையே போக முடியாது. தவறிய பரீட்சையைத் திரும்ப வைப்பார்களா என்று வகுப்பாசிரியரிடம் அந்தக் கிழமையே கேளுங்கள். தகப்பன் மத்திய கிழக்கில் என்றால், றிப்போட்டின் படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் விடைத்தாளையும் பக்கம் பக்கமாக எடுத்து அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை லீவில் அவர் பேசும்போது புள்ளியைக் கேட்காமல் ஒரு கணக்கைக் கேட்கலாம்.