எந்த வாசலுக்குப் போவது? யாழ். பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்குமான தொழினுட்ப உதவி வழிகாட்டி

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்தாலும், பொறியியல், விவசாய, தொழினுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரிலும், சித்த மருத்துவம் கைதடியிலும், நுண்கலைகள் மருதனார்மடத்திலும் இயங்குகின்றன. எனவே கணினியிலோ இணைப்பிலோ சிக்கல் ஏற்படும்போது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் திருநெல்வேலிக்கு வந்து திரும்பினால் ஒரு நாள் போய்விடும். புதிதாகப் பணியேற்றவர்களும் பட்டப்பின் படிப்பைத் தொடங்கியவர்களும் பின்வரும் ஒழுங்கில் செயற்பட்டால் அந்த அலைச்சல் குறையும்.

படி 1: சிக்கல் எங்கே இருக்கிறது என்று சோதித்தல்

உதவி கேட்பதற்கு முன் மூன்று சிறு சோதனைகளைச் செய்யுங்கள். வளாக வைஃபையில் திறக்காத பக்கம் கைபேசி டேட்டாவில் திறந்தால், சிக்கல் வலையமைப்பில் இருக்கிறது. இரண்டிலும் உங்கள் கணக்கு ஏற்கப்படாவிட்டால், சிக்கல் கணக்கில். அருகிலிருப்பவருடைய கணினியில் உங்கள் கணக்கு சீராக இயங்கினால், பழுது உங்கள் கருவியில். மின்தடைக்குப் பிறகு வைஃபை கிடைக்கவில்லையென்றால் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். கருவிகள் மீண்டும் இயங்கத் தொடங்க அவ்வளவு நேரமாவது வேண்டும்.

படி 2: உரியவரைத் தேர்தல்

கருவிப் பழுதுக்கு முதலில் உங்கள் துறையின் தொழினுட்ப உத்தியோகத்தரை அணுகுங்கள். பல்கலைக்கழகம் வாங்கிய கணினியை நகரிலுள்ள கடைக்குக் கொண்டுபோய்த் திறக்கக் கூடாது. அதில் ஒட்டப்பட்டுள்ள பொருட்பதிவு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு துறைத் தலைவர் ஊடாகக் கோரிக்கை வைப்பதே முறை. மின்னஞ்சல், கடவுச்சொல், வைஃபை ஆகியவை பல்கலைக்கழகத்தின் கணினி, வலையமைப்புப் பொறுப்பாளர்களுக்கு உரியவை. மூடில் (Moodle) என்னும் இணையவழிக் கற்றல் தளத்தில் ஒரு பாடம் தெரியவில்லையென்றால், பெரும்பாலும் அந்தப் பாடத்தின் விரிவுரையாளர் உங்களை இன்னும் சேர்க்கவில்லை என்பதே காரணமாக இருக்கும். அதற்குப் பொறுப்பாளர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஆய்விதழ்களைப் பெறுதல், மேற்கோள் மென்பொருள், பிறர் எழுத்துடன் ஒத்துப்போகும் பகுதிகளைக் கண்டறியும் ஒப்புமைச் சோதனை ஆகியவற்றுக்கு நூலகமே முதல் வாசல். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சொற்றெரோ (Zotero) என்னும் இலவச மேற்கோள் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு: எங்களுடைய பெயர்களில் குடும்பப்பெயர் கிடையாது, தகப்பன் பெயர் பின்னால் எழுதப்பட்டிருந்தால், மென்பொருள் அதையே குடும்பப்பெயராக எடுத்து, மகள் எழுதிய கட்டுரையைத் தகப்பன் பெயரில் வரிசைப்படுத்திவிடும். ஆசிரியர் பெயருக்கு அருகிலுள்ள சிறு பொத்தானை அழுத்தினால் பெயரை ஒரே கட்டத்தில் எழுத முடியும். அல்லது இரு கட்டங்களிலும் உள்ளவற்றை இடம் மாற்றிவிடலாம்.

படி 3: முறைப்பாட்டை எழுதுதல்

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது அனுப்பிய முதலாவது முறைப்பாட்டில் “இணையம் வேலை செய்யவில்லை” என்ற ஒற்றை வரிதான் இருந்தது. எந்தக் கட்டடம், எந்தக் கருவி என்று கேட்டு மறுநாள் பதில் வந்தது. நான் விளக்கம் எழுதி அனுப்ப, இன்னொரு நாள் கழிந்தது. குற்றம் முழுவதும் என்னுடையதுதான். பின்வருமாறு எழுதியிருந்தால் ஒரே மடலில் காரியம் முடிந்திருக்கும்:

“நான் வரலாற்றுத் துறையின் முதுதத்துவமாணி மாணவன். இன்று காலை 10.15 மணிக்கு நூலகத்தில், விண்டோஸ் 11 மடிக்கணினியில் எடுரோம் (eduroam) வைஃபை இணைப்புக்கு முயன்றபோது கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. கைபேசியிலும் இதே பிழை வருகிறது. அதே கணக்கில் மின்னஞ்சல் திறக்கிறது. பிழைச் செய்தியின் படத்தை இணைத்துள்ளேன்.”

பிழைச் செய்தியை உங்கள் சொற்களில் விளக்க முயலாமல், திரையில் உள்ளபடியே படமெடுத்து அனுப்புங்கள். உங்கள் பதிவு இலக்கத்தைச் சேர்க்கலாம். கடவுச்சொல்லை ஒருபோதும் சேர்க்க வேண்டாம். கடவுச்சொல்லைக் கேட்டு வரும் மடல், எந்தப் பெயரில் வந்தாலும் மோசடி என்றே கொள்ளுங்கள்.

படி 4: பயணத்துக்கு முன் எடுரோம் அமைத்தல்

இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் ஊடாகக் கிடைக்கும் எடுரோம் வசதியால், பேராதனைக்கோ கொழும்புக்கோ போனாலும் உங்கள் சொந்தப் பல்கலைக்கழகக் கணக்கிலேயே வைஃபை பெறலாம். பயனர் பெயரை மட்டும் எழுதாமல், அதற்குப் பின் வரும் பல்கலைக்கழக முகவரியையும் சேர்த்து முழுமையாக எழுத வேண்டும். அந்தப் பின்பகுதியைப் பார்த்தே வெளியூர்ப் பல்கலைக்கழகம் உங்கள் கோரிக்கையை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிறது. இதை இங்கே அமைத்துச் சோதித்துவிட்டுப் புறப்படுங்கள். அங்கே போனபின் இணைப்புக் கிடைக்காவிட்டால், அங்குள்ளவர்களால் உங்கள் கடவுச்சொல்லை மாற்றித் தர முடியாது.

படி 5: பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாறுதல்

தமிழில் ஆய்வேடு எழுதுவோர் கொண்டுவரும் சிக்கல்களில் எனக்கு மிகவும் பழகிப்போனது இது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு வேறொரு கணினியில் திறக்கும்போது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிவதற்கு வைரஸ் காரணமன்று. பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீடுகளின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தி வைத்திருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தப் போர்வை நீங்கிவிடுகிறது. யூனிகோட்டில் தமிழுக்குத் தனிக் குறியீடுகள் 1991 முதலே உள்ளன. ஆகவே யூனிகோட்டில் எழுதினால்தான் கோப்புக்குள் தமிழ்ச் சொல்லைத் தேடவும், ஒப்புமைச் சோதனை மென்பொருள் அதைத் தமிழாகப் படிக்கவும் முடியும்.

பழைய கோப்பை மாற்றும்போது முதலில் ஒரு பிரதியை எடுத்து வையுங்கள். பிறகு இணையத்திலுள்ள எழுத்துரு மாற்றியில் ஓர் அத்தியாயத்தை மட்டும் இட்டுப் பாருங்கள். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அந்த எழுத்துரு மாற்றி தமிழாக்கிக் குழப்பிவிடும் என்பதால், ஆங்கிலப் பகுதிகளை முன்கூட்டியே பிரித்து வைப்பது நல்லது. அட்டவணைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி எனக்கு இன்னும் அகப்படவில்லை.

படி 6: கணக்கு மூடப்படும் முன்

படிப்பு முடிந்தாலோ பணி மாறினாலோ, பல்கலைக்கழக மின்னஞ்சலில் உள்ள தரவுகளைத் தனி வன்தட்டுக்கு மாற்றுங்கள். வேறு தளங்களில் அந்த முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தால், அங்கெல்லாம் சொந்த முகவரிக்கு மாற்ற வேண்டும். விரிவுரையாளர்கள் மூடிலில் தங்கள் பாடத்தின் காப்புக் கோப்பை இறக்கி வைத்துக்கொண்டால், வவுனியாவுக்கோ வேறு பல்கலைக்கழகத்துக்கோ போனபின் அங்குள்ள மூடிலில் அதைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். மாணவர்களின் புள்ளிகளும் ஒப்படைகளும் அந்தக் கோப்பில் சேராதவாறு, காப்பெடுக்கும்போது பயனர் தரவு என்ற தெரிவை நீக்கிவிடுங்கள்.